எல்லா டைப்புக்கும் ஒரே அரே ஃபங்ஷன்: ஜெனரிக் எழுதும் வரிசை, படிப்படியாக

டைப்பைக் கம்பைலரே முன்கூட்டிச் சரிபார்க்கும் மொழிகளில் ஜெனரிக், அதாவது பல டைப்புக்கும் ஒரே நிரலாக ஓடும், அரே ஃபங்ஷன் எழுதப் புதிதாக உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள். முதல் வரியிலேயே டைப் பாராமீட்டரை (எந்த டைப்பும் வந்து உட்காரக்கூடிய இடப்பெயரை) எழுதிவிட்டு, அதற்கு என்ன நிபந்தனை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். வேலை நடக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் ஒரே ஒரு டைப்புக்கு ஓடும் ஃபங்ஷன். அப்புறம், அது ஒவ்வொரு உறுப்பிடமும் என்ன கேட்கிறது என்ற கணக்கு. நிபந்தனை கடைசியில் தானாக வந்து நிற்கும்.

கீழே உள்ள நிரல் துணுக்குகள் எந்த மொழியின் இலக்கணத்திலும் இல்லை. படிக்க எளிதாக ஒரு பொதுக் குறியீட்டில் எழுதியிருக்கிறேன். ‘உ’ என்பது உறுப்பின் டைப், ‘உ[]’ என்பது அந்த டைப் உறுப்புகள் கொண்ட அரே. மொழிக்கு மொழி நடத்தை மாறும் இடங்களில் மட்டும் மொழியின் பெயரைச் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் மொழிப் பதிப்பில் ஜெனரிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாவாவுக்கு அது 2004-இலேயே, 5-ஆம் பதிப்பில் வந்துவிட்டது. கோ மொழிக்கு 2022 மார்ச்சில், 1.18 பதிப்பில்தான் வந்தது. பழைய பதிப்பில் உட்கார்ந்துகொண்டு கம்பைலர் எரரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

அடுத்து, நீங்கள் எழுதப்போவது மொழியின் நூலகத்திலேயே இருக்கிறதா என்று தேடுங்கள். கோ மொழியில் 1.21 பதிப்பிலிருந்து ‘ஸ்லைசஸ்’ என்ற தொகுப்பு உடனே கிடைக்கிறது. தேடுவது, வரிசைப்படுத்துவது, பெரியதை எடுப்பது எல்லாம் அதில் உண்டு. இருப்பதையே திரும்ப எழுதினால் பராமரிக்கும் சுமைதான் கூடும்.

நீளம் டைப்பின் பகுதியா இல்லையா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கோ, ரஸ்ட் இரண்டு மொழிகளிலும் 5 உறுப்பு அரேயும் 6 உறுப்பு அரேயும் வேறு வேறு டைப். அதனால் ஃபங்ஷன் வாங்க வேண்டியது நீளம் கட்டப்படாத ஸ்லைஸ், அதாவது ஒரு அரேயின் முழுவதையோ பகுதியையோ காட்டும் பார்வை. இதைக் கவனிக்காமல் நிலையான அரேயை வாங்கும்படி எழுதினால், ஒரு நீளத்துக்கு மட்டும் ஓடும் ‘பொது’ ஃபங்ஷன்தான் கிடைக்கும்.

2. முதலில் ஒரே ஒரு டைப்புக்கு எழுதுங்கள்

அரேயில் உள்ள பெரிய மதிப்பை எடுப்போம். வெப்பநிலை அளவுகள், தசம எண்கள்.

ஃபங்ஷன் பெரியது(அளவுகள்: தசமம்[]) → தசமம்
    விடை = 0
    அளவுகளில் உள்ள ஒவ்வொரு அ-வுக்கும்:
        அ > விடை என்றால் விடை = அ
    திருப்பு விடை

25.5, 31, 28 என்று கொடுத்தால் 31 வரும். சரி. இப்போது -12.5, -3, -7.25 கொடுத்துப் பாருங்கள். விடை 0. அரேயிலேயே இல்லாத ஒரு எண்!

இந்தப் பிழை ஜெனரிக் ஆக்குவதற்கு முன்பே இருக்கிறது. ஜெனரிக் ஆக்கும்போதுதான் அது வெளியே தெரியும், ஏனென்றால் உறுப்பு ஒரு சரமாக (எழுத்துகளின் தொடராக) இருந்தால் ‘விடை = 0’ என்று எழுதவே முடியாது. ஆகவே இதே ஃபங்ஷனைச் சரங்களின் அரேக்கும் தனியாக ஒருமுறை எழுதுங்கள். இரண்டு நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த வரி ஒரு டைப்பை நம்பி நிற்கிறது என்று கண்ணில் படும். இங்கே அது அந்த 0 மட்டும்தான். முதல் உறுப்பிலிருந்து தொடங்குவதுதான் இரண்டுக்கும் பொதுவான வழி:

    விடை = அளவுகள்[0]
    அளவுகள்[1] முதல் கடைசி வரை ஒவ்வொரு அ-வுக்கும்:
        அ > விடை என்றால் விடை = அ

காலி அரே வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி இப்போதே எழும். அதற்கு 6-ஆம் படியில் வருகிறேன்.

இரண்டு நகல் எழுதுவது நேர விரயம் என்று பலர் இதைத் தாண்டிப்போகிறார்கள். தாண்டாதீர்கள். ஒரு டைப்புக்கு ஒழுங்காக ஓடும் நிரல் கையில் இருந்தால், பின்னால் வரும் எரர் லாஜிக்கில் வந்ததா, டைப்பில் வந்ததா என்று குழம்ப வேண்டியதில்லை.

3. உறுப்பை வைத்து என்னென்ன செய்கிறோம் என்று எழுதிப் பாருங்கள்

ஃபங்ஷனின் உடலை வரிக்கு வரி படித்து, உறுப்பின் மீது நடக்கும் செயல்களை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். மேலே உள்ளதில் இரண்டுதான்: ‘விடை’யில் போடுவது, ‘>’ என்று ஒப்பிடுவது. கூட்டவில்லை, சமமா என்று பார்க்கவில்லை, அச்சிடவில்லை.

போடுவதுகூட சில மொழிகளில் ஒரு கோரிக்கைதான். ரஸ்ட்டில் அரேயிலிருந்து உறுப்பை நகலெடுத்துத் திருப்ப வேண்டுமானால், அந்த டைப்புக்கு நகலெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். உறுப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் ரெஃபரன்ஸைத் திருப்பினால் அந்தக் கோரிக்கையே விழுந்துவிடும்.

பிழை தேடப் போட்ட அச்சிடும் வரியை எடுக்க மறக்காதீர்கள். ரஸ்ட் போன்ற மொழிகளில் அந்த ஒரு வரிக்காக ‘அச்சிடத் தெரிந்த டைப்’ என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டி வரும். வரியை எடுத்த பிறகும் நிபந்தனை அப்படியே நின்றுவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

4. அந்தப் பட்டியல் கேட்கும் நிபந்தனையை மட்டும் வையுங்கள்

எதுவுமே கேட்காத ஃபங்ஷன்கள் நிறைய உண்டு. தலைகீழாக்குவது, முதல் சிலவற்றை எடுப்பது, இரண்டு அரேக்களை ஒட்டுவது எல்லாம் உறுப்பைத் திறந்து பார்ப்பதே இல்லை. இவற்றுக்கு நிபந்தனை வைக்கவே கூடாது.

ஒரு உறுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று தேட, சமமா என்று கேட்கத் தெரிந்தால் போதும். பெரியதை எடுக்கவும் வரிசைப்படுத்தவும் முன்பின் ஒப்பிடத் தெரிய வேண்டும். கூட்டுத்தொகைக்குக் கணக்கு தெரிய வேண்டும். தேடும் ஃபங்ஷனுக்கு ‘முன்பின் ஒப்பிடத் தெரிந்த டைப்’ என்று வைத்துவிடுவது அடிக்கடி காணும் பிழை. எண்ணுக்கும் சரத்துக்கும் ஓடுவதால் எழுதியவருக்குத் தெரியாது. இரண்டு புலங்கள் கொண்ட ஒரு ஸ்ட்ரக்ட்டை (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய டைப்பை) வேறொருவர் கொடுக்கும்போது கம்பைலர் மறுக்கும். சமமா என்று கேட்கலாம், எது பெரியது என்று கேட்க முடியாது என்ற நிலையில் இருக்கும் டைப்புகள் ஏராளம்.

நிபந்தனை குறைந்தால் நல்லது என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரே மதிப்பு இருமுறை வராமல் வடிகட்டும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். சமமா என்று கேட்பதை மட்டும் வைத்து எழுதினால், ஒவ்வொரு உறுப்பையும் இதுவரை சேர்த்தவை எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். எல்லாம் வேறு வேறாக இருக்கும் 1 லட்சம் உறுப்புகளுக்கு அது ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடு. ஹாஷ் செய்யத் தெரிந்த (மதிப்பிலிருந்து விரைவாகத் தேட உதவும் ஒரு எண்ணைக் கணிக்கத் தெரிந்த) டைப் என்று கேட்டுவிட்டால், ஒரு செட்டை (ஒரே மதிப்பை இருமுறை வைக்காத தொகுப்பை) வைத்துக்கொண்டு அரேயை ஒருமுறை சுற்றினாலே முடிந்தது. இங்கே நிபந்தனையைக் கூட்டுவதுதான் சரி. கோவில் சமம் பார்க்கக்கூடிய டைப்பையே மேப்பின் (சாவி-மதிப்பு ஜோடிகளை வைக்கும் அமைப்பின்) சாவியாகவும் வைக்கலாம் என்பதால் இந்தக் கேள்வியே எழாது. ரஸ்ட்டில் ஹாஷைத் தனியாகக் கேட்க வேண்டும்.

சமம் என்பதிலேயே இரண்டு பொறிகள் இருக்கின்றன.

ஒன்று, ஜாவா. ஜெனரிக் டைப்புக்குள் ‘==’ போட்டால் அது இரண்டும் ஒரே பொருளா என்றுதான் பார்க்கும், மதிப்பைப் பார்க்காது. -128 முதல் 127 வரையிலான இன்டிஜர் பொருள்களை ஜாவா சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்துவதால், 100-ஐத் தேடினால் கிடைக்கும், 1000-ஐத் தேடினால் கிடைக்காமல் போகும். சின்ன எண்களை வைத்துச் சோதித்தவர் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவார். ‘ஈக்வல்ஸ்’ மெத்தடைத்தான் அழைக்க வேண்டும்.

இரண்டு, தசம எண்களில் வரும் நேன், அதாவது ‘எண்ணே அல்ல’ என்ற மதிப்பு. அது தனக்குத் தானே சமமில்லை. அதனால் அரேயில் இருந்தாலும் ‘==’ வைத்துத் தேடினால் அகப்படாது. நமது ‘பெரியது’ ஃபங்ஷனில் இதன் விளைவு இன்னும் மோசம்: நேன் முதல் இடத்தில் இருந்தால் பிறகு வரும் எல்லா ஒப்பீடும் பொய்யாகி நேன்தான் விடையாக வரும், நடுவில் இருந்தால் யாருக்கும் தெரியாமல் தாண்டிப்போகும். ஒரே எண்கள், வரிசை மாறினால் வேறு விடை. கோவின் நூலகம் எங்கே நேன் இருந்தாலும் நேனையே திருப்புகிறது. ரஸ்ட், தசம எண்ணுக்கு முழுமையான வரிசை உண்டு என்று ஏற்பதே இல்லை. நீங்கள் எதைத் தேர்ந்தாலும் அதை ஃபங்ஷனின் விளக்கத்தில் எழுதிவையுங்கள்.

கூட்டுத்தொகைக்கு ஒரு எச்சரிக்கை. விடையின் டைப்பும் உறுப்பின் டைப்பும் ஒன்றாகவே இருக்கும் என்று வைத்தால், எதிர்மமும் ஏற்கும் 8 பிட் எண்கள் 100, 100 இரண்டையும் கூட்டும்போது பல மொழிகளில் -56 வரும். தொடக்க மதிப்பையும் கூட்டும் முறையையும் அழைப்பவரே தரும்படி எழுதினால், விடையின் டைப்பை அவரே பெரிதாக வைத்துக்கொள்ளலாம்.

5. இப்போதுதான் தலைப்பு வரி

ஃபங்ஷன் பெரியது<உ: ஒப்பிடத்தக்கது>(அரே: உ[]) → உ

உள்ளே போவது உ, வெளியே வருவதும் உ. டைப் பாராமீட்டர் சம்பாதித்துத் தருவது இந்தத் தொடர்பைத்தான். அதற்குப் பதிலாக ‘எந்த டைப்பும்’ என்று பொருள்படும் பொது டைப்பைப் போட்டால் தொடர்பு அறுந்துவிடும். அழைப்பவர் ஒவ்வொரு முறையும் விடையை வேண்டிய டைப்புக்கு மாற்றி, அதாவது காஸ்ட் செய்து, எடுக்க வேண்டும், தப்பாகச் செய்தால் ஓடும்போதுதான் உடையும். கோவில் வேறொரு காரணமும் உண்டு: முழுஎண் அரேயை, ‘எதுவும்’ என்ற டைப்பின் அரே கேட்கும் இடத்தில் கொடுக்கவே முடியாது.

ஒவ்வொரு உறுப்பையும் வேறொன்றாக மாற்றும் ஃபங்ஷனுக்கு இரண்டு டைப் வேண்டும்:

ஃபங்ஷன் மாற்று<உ, வி>(அரே: உ[], செய்: (உ) → வி) → வி[]

இங்கே ஒரே உ-வை வைத்துவிடுபவர்கள் அதிகம். எண்ணை இரட்டிப்பாக்கும் உதாரணத்தோடு தொடங்குவதுதான் காரணம். எண்ணைச் சரமாக மாற்றிப் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். நீளம் முன்பே தெரிவதால் விடை அரேக்கு அந்த அளவு இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். வடிகட்டும் ஃபங்ஷனில் அந்த வசதி கிடையாது.

அரேயை முதலிலும் ஃபங்ஷனைப் பின்னாலும் வையுங்கள். டைப்ஸ்கிரிப்ட், ஸ்விஃப்ட் போன்றவற்றின் நூலகங்கள் மக்களைப் பழக்கியிருக்கும் வரிசை அதுதான், நீளமான குட்டி ஃபங்ஷன் கடைசியில் வந்தால் படிக்கவும் எளிது.

6. காலி அரேக்கு என்ன பதில்?

இதை முடிவு செய்யாமல் விட்டால் மொழி உங்களுக்காக முடிவு செய்யும். நான்கு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ரஸ்ட்டும் ஸ்விஃப்ட்டும் ‘மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்ற டைப்பைத் திருப்புகின்றன. ஜாவாவின் கலெக்ஷன்ஸ் மேக்ஸ் எக்செப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) எறிகிறது. கோவின் ஸ்லைசஸ் மேக்ஸ் பேனிக் ஆகிறது, அதாவது நிரலின் ஓட்டத்தை முறிக்கிறது. நான்காவது, மதிப்போடு ‘கிடைத்ததா’ என்ற ஒரு பூலியனையும் (ஆம்/இல்லை மதிப்பையும்) சேர்த்துத் தருவது.

புதியவர்கள் விரும்பிப் போவது இந்த நான்கும் இல்லை; டைப்பின் வெறும் மதிப்பை, அதாவது எண்ணுக்கு 0, சரத்துக்குக் காலிச் சரம், திருப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அரே காலியா, அல்லது பெரிய மதிப்பே 0-வா என்று அழைப்பவருக்குத் தெரியாது. 2-ஆம் படியில் விரட்டிய பிழை வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். ‘இருக்கலாம்’ டைப் மொழியில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள் என்பதுதான் என் பரிந்துரை, ஏனென்றால் காலி நிலையைக் கவனிக்கும்படி கம்பைலரே அழைப்பவரைக் கட்டாயப்படுத்தும்.

டைப்ஸ்கிரிப்ட்டில் ஒரு சங்கதி. அரே[0] என்று எழுதினால், அரே காலியாக இருந்தாலும், அதன் டைப் உ என்றே கம்பைலர் சொல்லும். இண்டெக்ஸ் வழி எடுத்த மதிப்பு இல்லாமலும் போகலாம் என்று கணக்கில் எடுக்கும் தனி அமைப்பு 4.1 பதிப்பில் வந்தது. கடுமையான சோதனைகளை இயக்கும் ‘ஸ்டிரிக்ட்’ போட்டிருந்தாலும் அது தானாக இயங்காது, தனியாக இயக்க வேண்டும்.

7. வாங்கிய அரேயைத் தொடுவீர்களா, மாட்டீர்களா?

புதிய அரே திருப்புவதா, வந்ததையே மாற்றுவதா என்று ஒன்றைத் தீர்மானித்துப் பெயரிலேயே காட்டுங்கள். ‘வரிசைப்படுத்து’ என்றால் வந்ததை மாற்றும், ‘வரிசைப்படுத்திய’ என்றால் புதியது தரும் என்பது போல.

மாற்றப்போவதில்லை என்றால் அதை டைப்பிலும் சொல்லுங்கள். டைப்ஸ்கிரிப்ட்டில் படிக்க மட்டுமான அரே டைப் இருக்கிறது. பாராமீட்டருக்கு அதைப் போட்டால் சாதாரண அரே, படிக்க மட்டுமான அரே இரண்டையும் ஃபங்ஷன் ஏற்கும். சாதாரண அரே டைப்பைப் போட்டால் இரண்டாவதை ஏற்காது. ஒரு சொல்லைச் சேர்ப்பதால் ஃபங்ஷன் அகலமாகிறது.

ஜாவாவில் சரங்களின் அரேயை ஆப்ஜெக்ட்களின் (எல்லாப் பொருளுக்கும் பொதுவான டைப்பின்) அரே என்று அனுப்பலாம். வாங்கிய ஃபங்ஷன் அதில் ஒரு எண்ணை வைத்தால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, ஓடும்போது அரே ஸ்டோர் எக்செப்ஷன் வெடிக்கும். படிக்க மட்டும் செய்யும் ஃபங்ஷனுக்கு இந்த ஆபத்து இல்லை.

கோவில் ஸ்லைஸின் பின்னால் இருக்கும் அரே பகிரப்படுகிறது. வாங்கிய ஸ்லைஸின் கடைசியில் உறுப்பு சேர்க்க ‘அப்பெண்ட்’ செய்தால், இடம் மிச்சமிருக்கும்போது அழைத்தவரின் அரேயிலேயே எழுதப்படலாம். இடம் இல்லாதபோது புதிய அரேக்கு மாறும். அதனால் பிழை சில நேரம் மட்டும் தலைகாட்டும். புதிய ஸ்லைஸில் தொடங்கி அதில் சேர்ப்பதே பாதுகாப்பு.

8. ஒப்பிடும் முறையை வெளியிலிருந்து வாங்குங்கள்

கோப்புகளின் அரேயில் ‘பெரியது’ எது? அளவில் பெரியதா, தேதியில் பிந்தியதா? இந்தக் கேள்விக்கு டைப்பிடம் பதில் இல்லை. அப்போது நிபந்தனையைக் கழற்றிவிட்டு, ஒப்பிடும் ஃபங்ஷனைப் பாராமீட்டராக வாங்குங்கள். வழக்கமான ஒன்றும், ஃபங்ஷன் வாங்கும் ஒன்றும் என்று இரண்டு வடிவம் வைப்பது கோ, ரஸ்ட் நூலகங்களில் நிலைபெற்ற பழக்கம்.

ஒப்பிடும் ஃபங்ஷன் எதிர்மம், 0, நேர்மம் என்று பதில் தர வேண்டிய இடத்தில் ‘அ - ஆ’ என்று கழித்துத் தருவது பழைய குறுக்குவழி. 32 பிட் எண்ணில் 200 கோடியிலிருந்து -200 கோடியைக் கழித்தால் 400 கோடி. அந்த டைப்பின் உச்சமோ 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம். எண் நிரம்பி வழிந்து எதிர்மமாகிவிடும், பெரியது சிறியதாகத் தெரியும். நூலகத்தின் ஒப்பிடும் ஃபங்ஷனை அழையுங்கள்.

‘சிறியதா’ என்று பூலியன் கேட்கும் இடத்தில் ‘சிறியது அல்லது சமம்’ என்று எழுதுவதும் ஆபத்து. சமமான இரண்டில் ஒவ்வொன்றும் மற்றதைவிடச் சிறியது என்று சொன்னதாகிவிடும். சி++ வரிசைப்படுத்தலில் அதன் விளைவு எதுவாகவும் இருக்கலாம், நிரல் விழுவது உட்பட.

9. மொழி போடும் தனிப்பட்ட தடைகள்

ஜாவாவில் ஜெனரிக் டைப்பின் அரேயை உள்ளே உருவாக்க முடியாது. கம்பைல் ஆனதும் உ என்ன டைப் என்ற தகவல் அழிந்துவிடுவதுதான் காரணம். லிஸ்ட்டைத் திருப்புங்கள், அல்லது அரே உருவாக்கும் ஃபங்ஷனை அழைப்பவரிடமே வாங்குங்கள். ஜாவாவின் ஸ்ட்ரீமை (ஒன்றன்பின் ஒன்றாக வரும் உறுப்புகளின் ஓட்டத்தை) அரேயாக்கும் மெத்தடும் இப்படித்தான் செய்கிறது. அடிப்படை முழுஎண் அரேயும் உ[]-க்குள் போகாது. அதை ‘அரேஸ் ஆஸ்லிஸ்ட்’டிடம் கொடுத்தால், எண்களின் லிஸ்ட்டுக்குப் பதில் ஒரே ஒரு அரே கொண்ட லிஸ்ட் கிடைக்கும்.

கோவில், ஸ்லைஸுக்கு நீங்கள் தனிப் பெயர் கொடுத்து மெத்தட்கள் வைத்திருந்தால், உ[] வாங்கி உ[] திருப்பும் ஃபங்ஷன் அந்தப் பெயரைத் தொலைத்துவிடும். ஸ்லைஸுக்கு ஒன்று, உறுப்புக்கு ஒன்று என இரண்டு டைப் பாராமீட்டர் வைத்து, முதலாவதை டில்டே (~) குறியோடு இரண்டாவதோடு கட்டுங்கள். வந்த பெயரிலேயே விடை திரும்பும்.

10. எரர் எங்கே வருகிறது என்று பாருங்கள்

எரர் ஃபங்ஷனின் உடலுக்குள் என்றால், நிபந்தனை போதவில்லை: கேட்காத ஒன்றைச் செய்கிறீர்கள். அழைக்கும் இடத்தில் என்றால், நிபந்தனை அதிகம், அல்லது டைப்பைக் கம்பைலரால் ஊகிக்க முடியவில்லை. எரர் செய்தி எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதலில் அதன் வரி எண்ணைப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

ஊகிக்க முடியாததற்குப் பொதுவான காரணம், அந்த டைப் திருப்பும் மதிப்பில் மட்டும் இருந்து பாராமீட்டர்களில் எங்கும் இல்லாதது. கோவில் அப்போது டைப்பை நீங்களே எழுத வேண்டும்.

சி++ மொழியில் ஜெனரிக் எழுதும் வழியான டெம்ப்ளேட்டுகள் இதில் விதிவிலக்கு. உறுப்பின் டைப்பைச் சார்ந்த வரிகள் ஒரு குறிப்பிட்ட டைப்போடு அழைக்கும் வரை முழுதாகச் சோதிக்கப்படுவதில்லை. எரர் உடலுக்குள் காட்டினாலும் குற்றம் அழைத்த இடத்தில் இருக்கலாம். 2020-ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த கான்செப்ட்ஸ் வைத்து நிபந்தனையை வெளிப்படையாக எழுதினால் செய்தி அழைக்கும் இடத்திலேயே வரும்.

உடலுக்குள் ‘உ முழுஎண்ணா இருந்தால் இப்படி, சரமா இருந்தால் அப்படி’ என்று கிளை பிரிக்கத் தோன்றினால் நிறுத்துங்கள். அது இரண்டு வேறு ஃபங்ஷன்கள். பிரித்து எழுதுங்கள்.

11. எதை வைத்துச் சோதிப்பது

முழுஎண்ணோடு மட்டும் சோதிப்பது போதவே போதாது. முழுஎண்ணுக்கு எல்லா நிபந்தனையும் பொருந்தும் என்பதால் அதிகப்படியான நிபந்தனையை அது காட்டிக்கொடுக்காது. நீங்களே உருவாக்கிய, வேறெதுவும் தெரியாத ஒரு ஸ்ட்ரக்ட்டைக் கொடுத்துப் பாருங்கள். தேர்ந்தவற்றை மட்டும் எடுக்கும் வடிகட்டு, மாற்று, தலைகீழாக்கு மூன்றும் அதோடு கம்பைல் ஆக வேண்டும்.

மதிப்புகளில் காலி அரே, ஒரே உறுப்பு, எல்லாம் சமமானவை, எல்லாம் எதிர்மம், நடுவில் ஒரு நேன், முதலில் ஒரு நேன் ஆகியவை கட்டாயம். ஜாவாவில் 127-க்கு மேற்பட்ட எண்களையும் சேருங்கள்.

அழைத்த பிறகு மூல அரே மாறாமல் இருக்கிறதா என்றும் ஒரு சோதனை வேண்டும். கோவில் அதைக் கொள்ளளவு மிச்சமிருக்கும் ஸ்லைஸோடு செய்யுங்கள், அதுவும் நீளத்துக்கு அப்பால் இருக்கும் உறுப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். நிரம்பிய ஸ்லைஸில் அப்பெண்ட் பிழை வெளியே வராது.